பேர் சொல்லும் வெளிச்சம்

கோவிந்தப்பா அடியாட்களோடு வருவார் என்று சங்கமித்ரா எதிர்பார்த்திருந்தாள். வக்கீலோடு வருவார் என்று அவள் புருஷன் முகேஷ் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து நின்றதோ ஒரு தமிழ் வாத்தியாரோடு. ஓய்வு பெற்று வெகுநாளாகியிருக்கும் மனிதர். வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு, கையில் மடக்கிய குடை. பெயர் கோதண்டராமன் என்றும், ஆஸ்டின் டவுனில் இருக்கிறார் என்றும், தமிழில் சாருக்குத் தெரியாத வார்த்தையே கிடையாது என்றும் கோவிந்தப்பா அறிமுகம் செய்துவைத்தார். கூடவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து மகாவின் கையில் கொடுத்தார். மகா சங்கமித்ராவின் ஒரே பெண், ஆறாவது படிக்கிறாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

வீடு என்று இருந்தது ஒரே அறை. அதில் பாதியை ஊதுபத்தி பிடித்துக்கொண்டிருந்தது. கரிமாவைப் பிசைந்து குச்சியில் உருட்டிக் காயவைத்து, வாரக் கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போடுகிற வேலை அவளுக்கு. எத்தனை சோப்பு போட்டாலும் விரல்களில் அந்தக் கறுப்பு போவதில்லை. இந்தக் கையால் காப்பி கொடுத்தால் வாத்தியார் குடிப்பாரோ மாட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். தலைக்கு மேல் கத்தி தொங்குகிறபோது இந்த யோசனை வேறு வருகிறதே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவர்கள் இருந்த ஜீவனஹள்ளியில் கோவிந்தப்பாவிடம் எதற்காவது போய் நிற்காத வீடு கிடையாது. ரேஷன் கார்டா, கார்ப்பரேஷன் குழாயா, அவர் ஒரு போன் போட்டால் நடந்துவிடும். மகாவுக்கு ஸ்கூலில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கத்துவதற்கென்று ஆள் வைத்திருப்பவர் தாமே எதற்குக் கத்த வேண்டும்? சைட் வாங்கி விற்பது அவர் தொழில். பழைய ஓட்டு வீடுகளை வளைத்து, மாடி மேல் மாடியாகக் கட்டுகிறவர்களுக்குக் கைமாற்றிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் போன போக்கில் அந்தத் தொழிலுக்குக் குறைவே இல்லை.

சங்கமித்ராவுக்கு எதிர்வீடு ரத்தினம்மாளுடையது. முக்கு வீடு, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சீதாப்பழ மரம். பிள்ளை குட்டி இல்லாத தனிக்கட்டை. வீட்டை விற்கச் சொல்லிக் கோவிந்தப்பா பல தடவை ஆள் அனுப்பினார். அந்தம்மா ஒவ்வொரு தடவையும் வந்த ஆளுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரத்தில், தொட்டியின் ஓரம் மண்டை உடைந்து கிடந்தாள்.

அன்றைக்குச் சங்கமித்ரா வாசலில் உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு தினேஷ் வெளியே வந்ததைப் பார்த்தாள். தினேஷ் அதே தெருவில் வளர்ந்தவன். காஸ் சிலிண்டர் சுமந்து சுமந்து இடது தோள் ஒரு பக்கம் இறங்கிப்போனவன். பசிக்குது அக்கா என்று வந்து அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான். கொஞ்ச காலமாகக் கோவிந்தப்பாவிடம் இருந்தான். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, உள்ளே கொடியில் காய்ந்த துண்டை எட்டி எடுத்துக் கையைத் துடைத்தான். பிறகு அதை நன்றாக மடித்து, கேட்டின் மேல் போட்டுவிட்டுப் போனான். அவன் ஓடியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது. 

போலீஸ் வந்து கேட்டபோது யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "மசங்கல்ல தினேஷ் வெளிய வந்தான். நான் பாத்தேன்." எழுதிக்கொண்ட ஏட்டு கன்னடக்காரர். மசங்கல் என்றால் என்னவென்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்ததை எப்படிச் சொல்வது என்று அவள் முழிக்க, அவரும் பொறுமையில்லாமல் அந்தச் சொல்லை அப்படியே கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். வழக்கு கோர்ட்டுக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. தினேஷ் ஜாமீனில் வெளியே வந்து வேறு ஏரியாவில் இருந்தான். வருகிற வியாழக்கிழமை அவள் சாட்சி. அவளைத் தவிர அன்றைக்கு அவனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதாவது, பார்த்ததாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் பத்தி உருட்டுகிறார்கள்.

"பொய் சொல்லுன்னு நான் கேக்கல தாயி," என்றார் கோவிந்தப்பா. "நீ பாத்தது பாத்ததுதான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கோர்ட்டுல கேப்பாங்க. அத மட்டும் கரெக்டா சொல்லிடு. அதுக்குத்தான் சாரைக் கூட்டிட்டு வந்தேன்."

வாத்தியாருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது என்பது பேச ஆரம்பித்ததுமே தெரிந்தது. ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கிறார்கள் என்ற சந்தோஷத்திலேயே ஆட்டோ ஏறி வந்திருக்கிறார் பாவம். அவரிடம் சொல்லைப் பற்றிக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. உயரத்தை ஒசரம் என்கிறோம் அல்லவா, மயக்கத்திலிருந்து மசக்கை வந்தது அல்லவா, அதே மாதிரி மயங்கல்தான் மசங்கல் ஆயிற்று என்று விளக்கினார். மயங்குதல் என்றால் கலப்பது. பகலும் ராத்திரியும் ஒன்றோடொன்று கலக்கிற நேரம் அது. கலந்தால் கண் தடுமாறும். தூரத்து மரம் ஆளாகத் தெரியும், ஆள் வேறு ஆளாகத் தெரியும். அந்த வெளிச்சத்தை நம்பாதே என்று அந்தச் சொல்லே நம்மை எச்சரிக்கிறது பாருங்கள் என்று கையை விரித்தார். கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தார்; அவள் விரலை அவர் கவனிக்கவே இல்லை.

"ஆள் வேற ஆளாத் தெரியும்," என்று கோவிந்தப்பா நிதானமாகத் திருப்பிச் சொன்னார். "கேட்டியா தாயி? தினேஷ் பாவம், சின்னப் பையன்."

வாத்தியாரின் கை டம்ளரோடு பாதியில் நின்றது. திறந்த கதவு வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். கேட்டில் பூட்டு தொங்கியது; சீதாப்பழ மரத்துச் சருகு பெருக்க ஆளில்லாமல் கேட்வரை குவிந்து கிடந்தது. தினேஷ் என்ற பெயரைப் பேப்பரில் படித்திருக்க வேண்டும். சங்கமித்ராவைப் பார்த்தார், மகாவைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்கவில்லை. மிச்சக் காப்பியை மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் சொல்லோட வேரைத்தான் சொன்னேன்மா. நீங்க பாத்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

வெயில் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கோவிந்தப்பா அவரோடு கிளம்பவில்லை. மகாவின் தலையைத் தடவி, டியூஷன் எல்லாம் ஒழுங்காகப் போகிறாயா என்று கேட்டார்.

"ஜூடித் மிஸ்கிட்டதானே? நல்ல மிஸ்ஸு. அங்கேருந்து வர்றப்போ மசங்கல் ஆயிடும் இல்ல?" அவர் சங்கமித்ராவைப் பார்த்துச் சிரித்தார். "தண்டவாளம் வேற தாண்டணும். ஸ்வல்ப பாத்து அனுப்பும்மா."

அவர் போன பிறகு அவள் பலகைமுன் உட்கார்ந்தாள். மாவு காய்ந்து போயிருந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைந்தாள். வாத்தியார் சொன்னதில் தப்பு இருக்காது, படித்த மனிதர். ஆனால் அந்தச் சொல் அவளிடம் வந்து சேர்ந்த வழி வேறு. அவளுடைய அப்பா கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் அடுக்கிய பாத்திரம் குலுங்கும். குலுங்கினதும் பெண்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். வாசலுக்கு முன்னால் ஒரு சங்கிலி கட்டியிருக்கும். அதைத் தாண்ட விடமாட்டார்கள். கூண்டு ஒவ்வொரு தரம் மேலே வரும்போதும் உள்ளே இருக்கிற ஆண்கள் எல்லாரும் தூசி படிந்து ஒரே சாம்பல் நிறமாக இருப்பார்கள். சங்கிலியை ஒட்டி நிற்கிறவளுக்கு முகம் பிடிபட்டால் அவள் உடனே அந்தப் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிறவள் அதை வாங்கி அதற்குப் பின்னால் சொல்லுவாள். அப்படித்தான் கடைசியில் நிற்கிறவளுக்குத் தன் புருஷன் உயிரோடு இருப்பது தெரியவரும்.

ஒரு தடவை ஒருத்தி தப்பாகச் சொல்லிவிட்டாள். பின்னால் நின்றவள் அந்தப் பேரைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போய்விட்டாள். மேலே வந்தது அவள் புருஷன் இல்லை. அதற்குப் பிறகு பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டு வைத்துக்கொண்டார்கள். மசங்கல் இருக்கும்வரை பேர் சொல்லலாம். அது போய்விட்டால் யார் வந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சங்கமித்ராவின் அம்மா சின்னத்தாயிக்கு மசங்கல் என்றால் அவ்வளவுதான் அர்த்தம்: பேர் சொல்லக்கூடிய கடைசி வெளிச்சம். இருட்டில் முகம் தெரியாமல் சும்மா நின்றவளை யாரும் குறை சொன்னதில்லை. முகம் தெரிந்தும் சும்மா நிற்கிறவளைப் பற்றிச் சின்னத்தாயி எதுவும் சொல்லிவைக்கவில்லை. அப்படி ஒருத்தி இருப்பாள் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது.

சுரங்கத்து வேலை குறைந்து குடும்பம் பெங்களூருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. சங்கமித்ராவும் மகாவும் அதை விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது தெரு முக்கில் யார் திரும்பினாலும், அவர்கள் சாக்கடைக் கல்லைத் தாண்டுவதற்குள் பேரைச் சொல்லிவிட வேண்டும். மகா அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்லித் தோற்பாள். அம்மா தோற்றதே கிடையாது.

அன்றைக்கு முகேஷ் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.  அவனும் ரத்தினம்மாளுக்காக அழுதவன்தான். பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவன்.

"அந்தம்மா திரும்பி வரப் போறதில்ல," என்றான். "நம்ம பொண்ணு தெனம் திரும்பி வரணும்."

வியாழக்கிழமை கோர்ட்டில் படியேறும்வரைகூட உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் அவள் இருந்தாள். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறவளுக்கு என்ன பயம் என்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒரு வீறாப்புகூட இருந்தது. கூப்பிட்டது மத்தியானத்துக்கும் மேலே. தினேஷ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் நின்றான். சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. கோவிந்தப்பா வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அவர் இங்கே இல்லையென்றால் இப்போது எங்கே இருப்பார்? சுவரில் கடிகாரம் இருந்தது. ஸ்கூல் விட்டிருக்கும். மகா டியூஷனுக்கு நடந்துகொண்டிருப்பாள்.

தமிழ் சாட்சிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆம்ப்ரோஸ் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர், நரைத்த மீசை, கழுத்தில் சின்னச் சிலுவை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்விகளுக்கு அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். பிறகு வக்கீல் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்து, "மசங்கல் அந்த்ரே ஏனு?" என்று கன்னடத்தில் அர்த்தம் கேட்டார். ஆம்ப்ரோஸ் தமிழில் சொல்லுவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இருட்டு," என்றாள்.

ஆம்ப்ரோஸ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். அந்தச் சொல் அவர் வீட்டிலும் புழங்கியிருக்க வேண்டும். கன்னடத்தில் சொல்லாமல், அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிற மாதிரி மறுபடி கேட்டார்.

"மசங்கல்னா இருட்டாம்மா? மூஞ்சி தெரியாதா?"

"தெரியாது சார். ஆள் வேற ஆளாத் தெரியும்."

ஆம்ப்ரோஸ் ஜட்ஜைப் பார்த்துத் திரும்பி, "கத்தலு, சார்," என்று இருட்டுக்கான கன்னடச் சொல்லைச் சொன்னார். மீதியையும் கன்னடத்தில் சொன்னார். டைப் அடிக்கிற பெண் அதைத் தட்டி முடித்தாள். தினேஷ் அதுவரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. சங்கமித்ராவுக்கு அந்த நிமிஷம் வெட்கமாக இல்லை, அதுதான் கொடுமை. மகா வீடு வந்து சேர்ந்துவிடுவாள் என்ற நிம்மதி மட்டும்தான் இருந்தது. வெட்கம் வீட்டுக்கு வந்து, எதிர்வீட்டுக் கேட்டைப் பார்த்த பிறகு வந்தது. வந்தது போகவும் இல்லை.

சில வாரங்களில் தினேஷை விட்டுவிட்டார்கள். கோவிந்தப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். முகேஷ் டப்பாவை வாங்கி அலமாரிமேல் வைத்தான். அதை யாரும் பிரிக்கவில்லை, எறும்புதான் கண்டுபிடித்தது. ரத்தினம்மாளின் அண்ணன் மகன் ஒருவன் எங்கிருந்தோ வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். ஆடி மாதத்தில் வீட்டை இடித்தார்கள். முதலில் ஓட்டைப் பிரித்தார்கள், பிறகு சுவர், கடைசியில் சீதாப்பழ மரம். இரும்புக் கேட்டை மட்டும் பழைய சாமான்காரன் வரட்டும் என்று தெருவோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

தெருவில் யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாகக்கூடப் பேசினார்கள். குழாயடியில் அவளுக்கு வழி விட்டார்கள். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. விளையாட்டையும் விட்டுவிட்டாள். யார் வருவது சொல்லும்மா என்று மகா கேட்டால், கொசு கடிக்கிறது, உள்ளே போய்ப் படி என்பாள். மகாவுக்கு அது புரியவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கிப்போயிற்றா என்று அப்பாவிடம் போய்க் கேட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம். அன்றைக்கும் கரண்ட் இல்லை. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பலகைகளைப் போட்டுக்கொண்டு பெண்கள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அதிகமில்லை, குச்சி உருளுகிற சத்தம்தான். மகா வருகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. ரயில்வே கேட்டைச் சாத்தியிருப்பார்கள், அதனால்தான் தாமதம் என்று சங்கமித்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்டி போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் மகா வரவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

பிறகு தெரு முக்கில் இரண்டு உருவம் திரும்பியது. ஒன்று சின்னது. நடையைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. மற்றது ஒரு ஆண். இடது தோள் இறங்கியிருந்தது. இறங்கிய அந்தத் தோளில் மகாவின் ஸ்கூல் பை தொங்கியது.

இடித்த வீடு இருந்த இடம் வெட்டவெளியாகிவிட்டதால் தெருவில் முன்பு இல்லாத அளவுக்கு வானம் தெரிந்தது. அதிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவன் மூக்கு, புருவம், புதிதாக விட்டிருந்த மீசை எல்லாமே அவளுக்குத் தெரிந்தன. கோர்ட்டே விட்டுவிட்டதால் மகாவுக்கு அவன் பழையபடி தெருவில் வளர்ந்த அண்ணன்தான்; அவன் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தான். சாக்கடைக் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் மகா அவனை இழுத்து நிறுத்தினாள்.

"ம்மா," என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "எங்கூட யாரு வந்திருக்காங்க, சொல்லு பாக்கலாம். இனிமே தெனம் கூட்டிட்டு வர்றாங்களாம்."

தினேஷ் நின்றான். அவனும் சிரித்துக்கொண்டே காத்திருந்தான்.

குச்சி உருளுகிற சத்தம் ஒவ்வொரு வாசலாக நின்றுகொண்டே வந்தது. பெண்கள் தலையைக் குனிந்து தங்கள் தங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கமித்ராவின் கறுத்த விரலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு குச்சி பாதி உருட்டியபடி கிடந்தது. தெருவோரம் சாய்த்திருந்த கேட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு வெளிச்சம் இன்னும் இருந்தது.